ஒழுக்கு விழுந்த இடம்

கச்சான் ஒரு புதன்கிழமை நின்றது.
நாலு மாதம் கதவுகளை அறைந்து அறைந்து
எங்களோடு சண்டை பிடித்த காற்று
சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.
யன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தேன்.
உப்பும் புழுதியும்.
நக்கிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

இனி வாடை.
துறைமுகத் தண்ணீர் ஈயச் சட்டி நிறத்துக்கு வரும்போது
வீட்டின் நிறத்தை நானும் மாற்றிவிடுவேன்,
கணக்குத் தீர்ப்பதுபோல.
மெல்லிய வெள்ளைத் திரைகள் பெட்டிக்குள்;
வெட்டிய பூசணியின் உட்புறத்து நிறத்தில்
தடித்த திரைகள் வெளியே.
தோய்த்து வேலியில் போட்டிருந்தேன்.
கோட்டைப் பக்கமிருந்து மேய்ந்தபடி வந்த மான்
ஒன்றின் கரையைத் தின்றுவிட்டது.
தின்ற இடத்துக்கு என் பருத்திச் சேலையின்
அரக்குக் கரையை வைத்துத் தைத்தேன்.
இப்போது அந்தத் திரைதான் வடிவு.
மற்றவற்றையும் மானுக்குக் கொடுப்போமா என்கிறார் குகநேசன்.

ரியூப் லைற்றுக்கு ஓய்வு.
மூலையில் நிற்கும் விளக்குக்கு மஞ்சள் பல்ப்.
சீமெந்துத் தரை காலைக் கடிக்கத் தொடங்குமுன்
சிவப்புக் கம்பளம்.
லாச்சிகளுக்குள் கற்பூர உருண்டை.
புத்தகங்களுக்கு இடையில் மூச்சுவிட ஒரு விரல் இடைவெளி:
மாரியில் பூஞ்சணம் முதலில் வாசிப்பது
தடித்த புத்தகங்களைத்தான்.

ஆனால் உண்மையைச் சொன்னால்
உவர்மலையின் இந்த வாடகை வீட்டை
ஒன்பது வருடமாக அலங்கரித்தது நானில்லை.
ஒழுக்கு.
கூடத்தின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம்
ஓட்டு இடுக்கிலிருந்து அது விழும்.
அதற்கு வழிவிட்டுத்தான் சோபா சுவரோடு ஒட்டியது,
சாப்பாட்டு மேசை குசினி வாசலை மறித்தது,
புத்தக அலுமாரி தெற்கு யன்னலில் பாதியை விழுங்கியது.
நடுவில், சந்தையில் நிறுத்து வாங்கிய பித்தளைக் குண்டான்.
கோடையில் வருகிறவர்கள்
'நடுவை வெறுமையாய் விட்டது நல்ல யோசனை' என்பார்கள்.
நாங்களும் தலையாட்டுவோம்.

இந்த ஆவணியில் வீட்டுக்காரர் திலகரட்ணத்துக்கு என்ன நடந்ததோ,
மூதூரிலிருந்து நஸ்வரை அனுப்பினார்.
நஸ்வர் கூரையில் ஒரு பகல் இருந்தார்.
பதினேழு ஓடு மாற்றினார்.
இரண்டு தேநீர் குடித்தார்.
'இனி ஒழுகினால் அது மழையில்லை, கடல்'
என்று சொல்லிவிட்டு ஏணியை மடக்கினார்.

அதற்குப் பிறகுதான் குழப்பம்.
எங்கும் வைக்கலாம் என்றால் எங்கே வைப்பது?
சோபாவை இழுத்தோம். திரும்பத் தள்ளினோம்.
மேசையைச் சுற்றி மூன்று தரம் நடந்தோம்.
அலுமாரியை நகர்த்தியபோது
அதன் பின்னால் நீள்சதுரமாய் ஒரு பச்சை,
சுவர் பூசிய நாளின் பச்சை,
வெயிலே காணாதது.
புதிதாய்ப் பெயின்ற் வேண்டாம் என்றேன்.
அதற்கு முன்னால் விளக்கை வைத்தேன்.
அங்கேதான் பிறந்ததுபோல நின்றது.

குண்டானை என்ன செய்வது?
வீதியோரக் கொட்டங்காய் மரம்
உதிர்க்குமுன் இலைகளைச் சிவக்க வைக்கிறது,
ஊருக்கு இல்லாத ஒரு பருவத்தைத்
தானே வைத்துக்கொண்டிருப்பதுபோல.
நாலைந்து கொப்பு ஒடித்து வந்து
குண்டானில் நிறுத்தினேன், பழைய இடத்திலேயே.
கை தானாகப் போனது.

மழை பத்தாம் நாள் இரவு வந்தது.
இருவரும் விழித்துக் கிடந்தோம்,
'ணங்' என்று ஒன்றாவது கேட்கட்டும் என்று.
கேட்கவில்லை.
'நித்திரை வருதில்லை' என்றார்.

எழுந்து போய்க் குண்டானை அரையடி தள்ளிவைத்து
ஒரு கதிரையை அங்கே போட்டு உட்கார்ந்தேன்.
இந்த வீட்டில் இதுவரை
யாருமே உட்காராத இடம்.
அங்கிருந்து பார்த்தால்
பச்சைச் சுவர், மஞ்சள் வெளிச்சம், மான் தின்ற திரை;
திரை விலகிய இடத்தில்
நங்கூரமிட்ட ஒரு கப்பலின் மூன்று விளக்குகள்.
இவ்வளவு காலமும் அங்கேதான் இருந்திருக்கின்றன,
வேறு வேறு கப்பல்களில்.

உச்சந்தலையில் கை வைத்துப் பார்த்தேன்.
காய்ந்துதான் இருந்தது.